‘என் மெஷின்ல ஓடுதே!’ - சண்டையை முடிக்கும் விர்ச்சுவல் மெஷின்

“என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது!” ஐடி அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் லேப்டாப்பில் நிஜமாகவே ஓடும். சர்வரில் ஏற்றினால்தான் மக்கர் பண்ணும்.

ஏன் இப்படி?

கோடு ஒன்றுதான், அது ஓடும் இடம் வேறு. ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்பதை விண்டோஸும் மேக்கும் வழக்கமாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வரோ இரண்டையும் வெவ்வேறு ஃபைலாகப் பார்க்கும். பைத்தானில் காலங்காலமாக இருந்த ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’, 2023-ல் வந்த 3.12 வெர்ஷனில் நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய பழைய புரோகிராம் புது லேப்டாப்பில் அப்படியே நின்றுவிடலாம்.

விர்ச்சுவல் மெஷின் என்ன செய்யும்?

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். சர்வரில் இருக்கும் அதே லினக்ஸை, அதே வெர்ஷனில், விண்டோஸ் லேப்டாப்பிலேயே ஓட்டலாம். யோசனை புதுசு இல்லை. ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ‘விஎம்/370’-ஐ அறிவித்துவிட்டது.

இதை டெவலப்பர்களுக்குச் சுலபமாக்கியது, மிட்செல் ஹாஷிமோட்டோ 2010-ல் வெளியிட்ட ‘வேக்ரன்ட்’. எந்த ஓஎஸ், எவ்வளவு மெமரி, என்னென்ன இன்ஸ்டால் செய்ய வேண்டும் என எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுதி, கோடோடு சேர்த்து வைத்துவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர் ‘வேக்ரன்ட் அப்’ என்று கட்டளை கொடுத்தால் மெஷின் தயார். ஏதாவது கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாம்.

அதான் டாக்கர் இருக்கே?

2013-ல் வந்த டாக்கர் லேசானது, வேகமானது. ஆனால் விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப் லினக்ஸ் கன்டெய்னர்களை ஓட்டுவதே, பின்னணியில் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை வைத்துத்தான்.

சிக்கல் இல்லையா?

உண்டு. விர்ச்சுவல் மெஷின் மெமரியை விழுங்கும். 8 ஜிபி லேப்டாப் திணறும். 2020-ல் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறிய பிறகு, இன்டெல் சிப்புக்காகத் தயாரான மெஷின்கள் அந்த மேக்குகளில் ஆமை வேகத்தில்தான் நகர்கின்றன.

எந்தக் கருவி என்பதைவிட, அந்த ஃபைல்தான் முக்கியம். பல டீம்களில் செட்டப் விவரம் முழுக்க ஒரு சீனியரின் தலைக்குள் இருக்கிறது. அவர் வேலையை விட்டால் அதுவும் கூடவே போய்விடும். முதல் வாரம் முழுக்க இன்ஸ்டாலேஷனோடு மல்லுக்கட்டும் ஃப்ரெஷருக்கோ ‘ஸ்லோ’ என்ற பெயர் மிஞ்சுகிறது. செட்டப்பை எழுதி வைப்பதையும் வேலையாகக் கணக்கில் எடுத்து, அதற்கு நேரமும் போதிய மெமரியுள்ள லேப்டாப்பும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. ‘உனக்கு ஏன் ஓடல?’ என்று ஃப்ரெஷரைக் கேட்கும் முன், ‘அந்த ஃபைல் எங்கே?’ என்று டீமைக் கேட்க வேண்டும்.