சொற்பட்டியல் மட்டும் போதாது

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேற வேண்டும் என விரும்பும் பெற்றோர் பலர், நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை மனனம் செய்ய வைக்கின்றனர். அம்முயற்சி பாராட்டுக்குரியதே, ஆயினும் பட்டியல் மட்டும் மொழியைத் தந்துவிடாது.

ஒரே பொருள் தரும் சொற்களாகக் கற்பிக்கப்படும் 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டும் மெலிந்த உடலையே குறிக்கும். முன்னது புகழ்ச்சி, பின்னது பெரும்பாலும் இகழ்ச்சி. இவ்வேறுபாட்டை அறியாத பிள்ளை, போற்ற நினைத்துப் புண்படுத்திவிடும். எதிர்ச்சொல்லும் இடத்தைப் பொறுத்ததே. 'லைட்' என்பதற்கு அறையைப் பற்றிப் பேசுகையில் 'டார்க்' எதிர். பையைப் பற்றிப் பேசுகையில் 'ஹெவி' எதிர்.

மத்ரஸாவில் நமக்கு இது புதிதன்று. அரபியின் 'கவ்ஃப்', 'கஷ்யத்' இரண்டையும் தமிழில் அச்சம் என்றே பெயர்க்கிறோம். எனினும் திருக்குர்ஆன் 35:28இல் அறிஞர்களின் இறையச்சத்தைக் கூற வருவது கஷ்யத்தின் வினைவடிவமே. மகத்துவத்தை அறிந்து அஞ்சுதல் என விரிவுரையாளர்கள் அதனை விளக்குவர். 'ஐன்' ஓரிடத்தில் கண், வேறோரிடத்தில் நீரூற்று. முன்பின் வாசகத்தைப் பாராமல் பொருள் கூற நல்ல உஸ்தாத் எவரும் இசைவதில்லை. அதே ஒழுங்கை ஆங்கிலத்திற்கும் கொண்டு செல்வோம்.

நாளுக்கு மூன்று சொற்கள் போதும். பிள்ளை தான் படித்த பத்தியிலிருந்தே அவற்றை எடுக்கட்டும். அகராதியைத் திறக்குமுன் பொருளை ஊகிக்கட்டும். பின்னர் ஒரு நிகர்ச்சொல், ஓர் எதிர்ச்சொல், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதட்டும். மக்ரிபுக்குப் பின் கால் மணி நேரம் பெற்றோர் உடனிருந்து கேட்டால், இன்ஷா அல்லாஹ், சொல் நாவில் நிலைக்கும்.