எத்தனை குதிரை என்று மட்டும் கேட்காதீங்க!

 

டிரம்ப் கார்டு ஆடாதவங்க நம்ம பள்ளியில யாரும் இருக்க மாட்டாங்க. கார் படம் போட்ட சீட்டு கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது ‘ஹார்ஸ் பவர்’ என்ற வரியைத்தான். யாரிடம் பெரிய எண் இருக்கிறதோ அவங்களுக்கே வெற்றி. விளையாட்டுக்கு அது சரி. ஆனால் ரோட்டிலும் பெரியவங்க இதே மாதிரிதான் வண்டியை மதிக்கிறாங்க. எல்லநள்ளி ரோட்டில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் போனால் போதும், “எத்தனை ஹார்ஸ் பவர்?” என்பதுதான் முதல் கேள்வி. அறுபது என்று பதில் வந்தால், “அவ்வளவுதானா?” என்று ஒரு சிரிப்பு!

என் கருத்து இதுதான். எப்படி அளந்தாங்க, எத்தனை சுற்றில் அளந்தாங்க, எந்த ஊரில் ஓட்டப் போறோம் என்று தெரியாமல் சொல்லப்படும் ஹார்ஸ் பவர் வெறும் ஏட்டுச் சுரைக்காய். அதை வைத்துப் பழைய காரைக் கேலி செய்வதும் தப்பு, புது வண்டியை நம்பி மலை ரோட்டில் பறப்பதும் தப்பு.

குதிரை எங்கிருந்து வந்தது?

நீராவி இஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட், தன் இஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குபவர்களுக்குப் புரிய வைக்க இந்தக் கணக்கைப் போட்டார். நாம் இப்போது படிக்கிற ‘வாட்’ என்ற அலகு அவர் பெயர்தான். ஒரு ஹார்ஸ் பவர் என்றால் ஏறக்குறைய 746 வாட். ஐரோப்பாவில் பல நாடுகளில் இதைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டாங்க. 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஒரு குதிரை. அது 735.5 வாட். பாருங்க, குதிரையிலேயே இரண்டு ஜாதி!

நம்ம கணக்கும் போட்டுப் பார்ப்போம். 45 கிலோ எடை உள்ள ஒருத்தி, ஒரு நொடிக்கு அரை மீட்டர் உயரம் என்ற வேகத்தில் படி ஏறினால், 45-ஐ 0.5-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்கணும். 0.3 வருது. அதாவது முக்கால் குதிரை கூட இல்லை, கால் குதிரைக்குக் கொஞ்சம் மேலே!

ஒரே இஞ்சின், வேறு வேறு எண்

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் காருக்கு வரி போட ஒரு ஹார்ஸ் பவர் கணக்கு இருந்தது. சிலிண்டரின் அகலத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் பார்ப்பாங்க. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குது என்று பார்க்கவே மாட்டாங்க. 1922-ல் வந்த ஆஸ்டின் 7 காரின் பெயரில் உள்ள ஏழு இந்த வரிக் கணக்கில் வந்ததுதான். உண்மையில் அது பத்துக்கு மேலே கொடுத்தது. கம்பெனிக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. வரியைக் குறைக்க சிலிண்டரை ஒல்லியாகவும் நீளமாகவும் செய்தாங்க. அளக்கும் முறை, இஞ்சினின் உருவத்தையே மாற்றிவிட்டது!

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. செவர்லே கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் சாதாரண இஞ்சினுக்கு 1971-ல் 270 ஹார்ஸ் பவர் என்று போட்டாங்க. 1972-ல் 200 என்று போட்டாங்க. எழுபது குதிரை எங்கே ஓடிப் போச்சு? பெரும்பாலும் எங்கேயும் ஓடவில்லை. முன்னாடி இஞ்சினை மட்டும் தனியாக ஸ்டாண்டில் வைத்து அளந்தாங்க. ஃபேன், ஏர் ஃபில்டர், வண்டியில் இருக்கும் சைலன்சர் எதுவும் கிடையாது. அதற்குப் பெயர் ‘கிராஸ்’. பிறகு எல்லாவற்றையும் மாட்டி, வண்டியில் இருக்கிற மாதிரியே அளந்தாங்க. அது ‘நெட்’. மூட்டையோடு எடை போடுவதற்கும் மூட்டையைக் கழித்து எடை போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பசுந்தேயிலை எடை போடும் இடத்தில் நிற்கிற நமக்கு இதைச் சொல்லித் தரணுமா என்ன?

ஜாகுவார் ‘இ டைப்’ கார் 1961-ல் 3.8 லிட்டர் இஞ்சினோடு வந்தபோது 265 ஹார்ஸ் பவர் என்றாங்க. 1964-ல் இஞ்சினை 4.2 லிட்டராகப் பெரிசாக்கினாங்க. அப்போதும் 265-தான்! அப்படியென்றால் பெரிசாக்கி என்ன பிரயோசனம்? புல்லிங் கூடியது. புல்லிங் என்று நம்ம மெக்கானிக்குகள் சொல்வது சக்கரத்தைத் திருப்புகிற விசையை. அந்த விசையும், இஞ்சின் சுற்றுகிற வேகமும் சேர்ந்ததுதான் ஹார்ஸ் பவர். ஆகவே புல்லிங் கம்மியாக இருந்தாலும், வேகமாகச் சுற்ற வைத்து ஹார்ஸ் பவரைக் கூட்டிக் காட்டலாம். குறைவாகச் சுற்றும்போதே நல்ல புல்லிங் இருந்தால் ஏற்றத்தில் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். மலையில் இருக்கிற நமக்கு எது தேவை, நீங்களே சொல்லுங்க!

டியூனிங் என்றால் சத்தம் இல்லை

இஞ்சினுக்கு சக்தி எங்கிருந்து வருது? காற்றும் பெட்ரோலும் கலந்து எரிவதிலிருந்து. ஒரு நிமிஷத்தில் எவ்வளவு காற்றை இழுத்து, சரியான பெட்ரோலோடு எரிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கு.

இதற்கு நல்ல உதாரணம் நம்ம ஊருக்குத் தெரிந்த காரிலேயே இருக்கு. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி ‘ஹெரால்டு’ என்ற சின்ன காரைத் தயாரித்து வந்தது. அது இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு குடும்பம். இங்கிலாந்தில் 1961-ல் வந்த ஹெரால்டு 1200 காருக்கு 1147 சிசி இஞ்சின், 39 ஹார்ஸ் பவர். அதே 1147 சிசி இஞ்சினை எடுத்து 1962-ல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தாங்க. 63 ஹார்ஸ் பவர்! இஞ்சினைப் பெரிசாக்கவே இல்லை. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தாங்க. கம்ப்ரெஷனைக் கூட்டினாங்க. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டை மாற்றினாங்க. புகை வெளியே போகும் பாதையைச் சரி செய்தாங்க. இதுதான் டியூனிங். வீணைக்கு சுருதி சேர்க்கிற மாதிரி. ஒரு கம்பியை மட்டும் முறுக்கினால் பாட்டு வராது, கம்பிதான் அறும்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. ஹெரால்டு தன் 39-ஐ நிமிஷத்துக்கு 4,500 சுற்றில் கொடுத்தது. ஸ்பிட்ஃபயர் 63-ஐக் கொடுக்க 5,750 சுற்று வேணும். அவ்வளவு மிதிக்காவிட்டால் அந்தக் குதிரைகள் லாயத்திலேயே தூங்கும்!

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல வருஷம் கார் பந்தயம் நடந்தது. ஃபியட், ஹெரால்டு மாதிரி குடும்பக் கார்களையே டியூன் பண்ணி ஓட்டினாங்க. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 இஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை ஆள் பந்தயக் காரை உருவாக்கினார். 800 சிசி கூட இல்லை, 796 தான்! எல்லாருக்கும் ஒரே இஞ்சின் என்பதால் ஓட்டுபவரின் திறமையும் வண்டியைத் தயார் செய்த கையும்தான் ஜெயிக்கணும். அந்தக் காரில் ஓட்டத் தொடங்கிய அதே கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

கேத்திக்கு வந்தால் குதிரை இளைக்கும்

இதுதான் நமக்கு ரொம்ப முக்கியம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். நம்ம கேத்தி 2,000 மீட்டருக்கு மேலே. இங்கே காற்று மெலிசு. இஞ்சின் அதே அளவு காற்றை இழுத்தாலும் அதில் ஆக்ஸிஜன் குறைவு. அதனால் டர்போ இல்லாத எந்த இஞ்சினும் இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்குது. கீழே 40 குதிரையாக இருந்த கார், கேத்தி வந்து சேரும்போது 32 குதிரைதான். ஸ்பிட்ஃபயரின் 63 கூட ஐம்பதுக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் நடக்கும். பழைய கார்களில் கார்புரேட்டர்தான். காற்று மெலிந்தது அதற்குத் தெரியாது. கீழே விட்ட மாதிரியே பெட்ரோலை விடும். பெட்ரோல் அதிகமாகி கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். அதனால் மலைக்குத் தகுந்த மாதிரி சின்ன ஜெட் போடுவாங்க. அதே ஜெட்டோடு சமவெளிக்குப் போய் மிதித்தால் பெட்ரோல் பற்றாமல் இஞ்சின் சூடேறும். ஆக, ஒரு ஊருக்குச் செய்த டியூனிங் இன்னொரு ஊருக்கு உதவாது. இப்போதைய வண்டிகளில் சென்சார் இருப்பதால் பெட்ரோல் அளவு தானாகச் சரியாகும். ஆனால் போன காற்றைச் சென்சாரால் கொண்டு வர முடியாது!

“அப்போ எண்ணே வேண்டாமா?”

இப்படிச் சிலர் கேட்பாங்க. வேணும். எண் இல்லாமல் இஞ்சின் செய்ய முடியாது. ஆனால் எண்ணைத் தனியாக விடக் கூடாது. எடையையும் பார்க்கணும். 1964-ல் மாண்டி கார்லோ ராலியில் ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் 1071 சிசி மினி கூப்பர் எஸ் முதலிடம் பிடித்தது. பேடி ஹாப்கர்க் ஓட்டினார். எட்டு சிலிண்டர் உள்ள பெரிய ஃபோர்டு ஃபால்கன் இரண்டாவது இடம். விதிப்படி சின்ன இஞ்சினுக்குச் சலுகை இருந்தது உண்மைதான். இருந்தாலும் அத்தனை பெரிய இஞ்சினுக்கு அருகில் வர முடிந்ததே, அதற்குக் காரணம் மினியின் குறைந்த எடையும் வளைவில் அது திரும்புகிற விதமும்தான்.

நம்ம ஊர் அண்ணன்மார் சிலர் சைலன்சரைக் கழற்றி மாட்டிவிட்டு “டியூன் பண்ணிட்டேன்” என்கிறாங்க. சத்தம் கூடினால் சக்தி கூடாது. மற்றதைச் சரி செய்யாமல் அதை மட்டும் மாற்றினால் இருந்த புல்லிங்கும் குறையலாம். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் சொல்லுது.

இன்னும் ஒன்று. ஹார்ஸ் பவர் எல்லாம் ஏறுவதற்குத்தான். இறங்கும்போது அது ஒன்றுக்கும் உதவாது. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே காப்பாற்றுவது சின்ன கியரும் சூடாகாத பிரேக்கும்தான். கீழேயிருந்து 150 குதிரை வண்டியில் வருகிறவங்க இதை மறந்துவிடுறாங்க. பொண்ணுங்களுக்கு எதுக்கு இஞ்சின் பேச்சு என்று கேட்கிறவங்களுக்கும் ஒரு பதில். அந்த ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவது நாங்களும்தானே!

என் கோரிக்கை

பழைய கார் கண்காட்சிகளிலும் மியூசியங்களிலும் ஹார்ஸ் பவர் எழுதும்போது மூன்று விவரம் சேர்த்து எழுதணும். ஒன்று, எந்த முறையில் அளந்தது, கிராஸா, நெட்டா, வரிக் கணக்கா. இரண்டு, எத்தனை சுற்றில். மூன்று, வண்டியின் எடை எவ்வளவு. ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். கோயம்புத்தூரில் 2015-ல் தொடங்கிய ஜி.டி. கார் மியூசியத்துக்கு நம்ம பள்ளியில் சுற்றுலா கூட்டிப் போனால், இந்த மூன்றையும் குறிப்பு நோட்டில் எழுதி வரலாம். அறிவியல் ஆசிரியர் அவர்கள் மனது வைக்க வேண்டும்.

அதுவரை யாராவது உங்களிடம் “என் வண்டி இத்தனை குதிரை” என்று சொன்னால், “எத்தனை சுற்றில் அண்ணா? கேத்தியில் எத்தனை?” என்று கேட்டுப் பாருங்க. பதில் தெரிந்தவர் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவார்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி