நன்றித் திருப்பலியும் நெசவாளர் கூலியும்

2015 முதல் ஆகஸ்ட் 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. முசரவாக்கம் உள்ளிட்ட காஞ்சிபுரம் பகுதியில் பட்டுடுத்தித் திருமணம் முடித்து, நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். பட்டை நெய்தவரை நினைக்கிறோமா?

கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இருவர் வேண்டும்: நெசவாளர், கரைக்கு ஊடை கோக்கும் துணையாள். பட்டுச் சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்க 1985இலேயே சட்டம் வந்தது. ஆயினும் விசைத்தறிச் சேலை கைத்தறியென விற்கப்படுகிறது. மலிவென்று நாமும் வாங்குகிறோம். அடுத்த தலைமுறை தறியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறது.

நலமடைந்த பத்துத் தொழுநோயாளருள் நன்றி சொல்லத் திரும்பியவர் ஒருவரே (லூக் 17:11-19). நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கே 'நன்றி கூறுதல்' என்பதுதான் பொருள். பீடத்தில் சொன்ன நன்றி கடைவீதியிலும் தொடரட்டும். பட்டு முத்திரை நூலுக்கு மட்டுமே சான்று. கைத்தறி முத்திரையையும் கேட்டு, நியாய விலை கொடுத்து வாங்குவோம். உழைத்த கைக்கு உரியதைக் கொடுக்கையில் இறைவனுக்குச் சொன்ன நன்றி நிறைவு பெறும்.