மூன்று அழுத்தங்கள்

பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் அன்பர்களிடையே கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் முறையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஒருவித அச்சம் பரவுவதையும், கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டவல்ல கைகள்கூட இது பூட்டிய வண்டியின் பானெட்டைத் திறந்ததும் தயங்கி நிற்பதையும் நாம் பல காலமாகக் கவனித்து வருகிறோம். இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. 1973-இல் பாஷ் கம்பெனியார் வெளியிட்டு, போர்ஷே 911, கோல்ஃப் ஜி.டி.ஐ., மெர்ஸிடஸ் 280இ முதலிய வண்டிகளில் இடம்பெற்ற இந்த முறை, எலெக்ட்ரானிக் மூளை ஏதுமின்றி, காற்றின் விசையையும் பெட்ரோலின் அழுத்தத்தையும் மட்டுமே நம்பி இயங்குவது. ஆகையால் அழுத்தத்தை அளக்கத் தெரிந்தவனுக்கு இதில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தகட்டைத் தள்ள, அதனோடு சேர்ந்த நெம்புகோல் பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சரை மேலே உயர்த்த, அந்தப் பிளஞ்சரின் தலைமேல் பெட்ரோலே எதிர்த்து அழுத்திக்கொண்டிருக்க, இவ்விரண்டுக்கும் இடையே துலாக்கோலின் தட்டுகளைப் போல ஏற்படும் சமநிலையே இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. தலைமேல் அழுத்துவது கட்டுப்பாட்டு அழுத்தம். அது குறைந்தால் கலவையில் பெட்ரோல் கூடும், மிகுந்தால் குறையும். பம்பு கொடுப்பதும் டிஸ்ட்ரிபியூட்டரின் வால்வு நிலைநிறுத்துவதும் பிரதான அழுத்தம். எஞ்சின் நின்றபின் குழாய்களில் தங்கியிருப்பது எஞ்சிய அழுத்தம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கும், கட்டுப்பாட்டு அழுத்தத்தை நிர்ணயிக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் இடையே, அடைக்கும் வால்வோடு கூடிய அழுத்தக் கேஜை மாட்டி, பம்பின் ரிலேயை நேர் இணைப்புச் செய்து பம்பை ஓட்டினால் இம்மூன்றையும் அளந்துவிடலாம். (பம்பு ஓடும்போது காற்றுத் தகட்டைத் தூக்கிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம், சிலிண்டருக்குள் பெட்ரோல் கொட்டும்.) வால்வை அடைத்தால் பிரதான அழுத்தம் தெரியும், பெரும்பாலான வண்டிகளில் அது ஏறத்தாழ 5 பாரை ஒட்டி நிற்க வேண்டும். குறைந்திருந்தால் உடனே புதுப் பம்புக்கு ஆள் அனுப்புவதுதான் வழக்கமாகியிருக்கிறது; பம்பின் முனையில் வோல்டேஜையும், பில்டரின் வயதையும், திரும்பு குழாயில் வந்து விழும் பெட்ரோலின் அளவையும் பாராமல் அப்படிச் செய்வது உரிமையாளரின் பணத்தை வீணாக்குவதே.

வால்வைத் திறந்தால் கட்டுப்பாட்டு அழுத்தம். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் தாழ்ந்து தொடங்கி, ரெகுலேட்டருக்குள் மின்சாரத்தால் சூடேறும் இரட்டை உலோகப் பட்டை வளைய வளைய, சில நிமிஷங்களில் 3.5 பார் அளவுக்கு அது ஏற வேண்டும். ஏறாமலே நின்று கரும்புகை வருமாயின், ரெகுலேட்டரின் பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்பதே முதற் கேள்வி. தொடக்கத்திலேயே அளவு மீறி உயர்ந்திருந்தால், அதன் வாயிலுள்ள நுண்ணிய வலை அடைபட்டிருக்கலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை: குளிர்நிலை அளவு அன்றைய உஷ்ணத்தைப் பொறுத்து மாறுவது. 20 டிகிரிக்குரிய ஜெர்மானியக் கையேட்டு எண்ணை வைத்துக்கொண்டு, சித்திரை மாதத்துச் சென்னையில் 35 டிகிரியில் நிற்கும் வண்டியை அளந்து, அழுத்தம் அதிகம் என்று ரெகுலேட்டரைத் தட்டிச் சரிசெய்யப் புறப்படுவது விபரீதம்.

நம் தேசத்து வெயிலில் மிகுதியாகக் கேட்கும் முறையீடு எஞ்சிய அழுத்தத்தைப் பற்றியது. காலையில் முதல் சாவியிலேயே கிளம்பிய வண்டி, கடைவீதியில் கால் மணி நேரம் நின்றபின் ஸ்டார்ட்டரை எவ்வளவு சுழற்றினாலும் பிடிக்காமல், பிறகு பிடித்தாலும் சற்று நேரம் மிஸ்ஸிங்கோடு ஓடுவதேன்? நின்ற எஞ்சினின் சூடு குழாய்களில் ஏற, அழுத்தம் இழந்த பெட்ரோல் ஆவியாகிவிடுவதால்தான். பம்பை நிறுத்தி இருபது நிமிஷத்துக்குப் பின்னும் அந்த வண்டியின் கையேட்டில் குறித்த அளவு அழுத்தம் தங்க வேண்டும். தங்காவிட்டால், கேஜின் வால்வை அடைத்து மறுபடி பாருங்கள்: இப்போது தங்குமானால் கசிவு ரெகுலேட்டர் பக்கம். அப்போதும் விழுமானால் பம்பின் ஒருவழி வால்வு, அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்யுமுலேட்டர், டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பிரதான அழுத்த வால்வின் ரப்பர் வளையம், கசியும் இன்ஜெக்டர் என்று சந்தேகம் விரியும். இவற்றுள் அக்யுமுலேட்டரை நிச்சயிப்பது எளிது. அதன் பின்புறத்துச் சிறு ஹோஸைக் கழற்றிவிட்டுப் பம்பை ஓட்டும்போது அந்த வாயிலிருந்து பெட்ரோல் வந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது; மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவையும் விட்டுவிட்டு, 3 மில்லிமீட்டர் ஆலன் கீயை எடுத்துக் கலவைத் திருகில் கைவைப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! ஐட்லிங்கில் கார்பன் மோனாக்ஸைடை அளந்து திருத்துவதற்கென்று வைத்த திருகு அது. அழுத்தக் கோளாறை அதனால் மூடிமறைத்தால், அடுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக் கோளாறு இரண்டாகிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரெகுலேட்டரின்மேல் பொறித்த பாஷ் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள், அளந்த வேளையின் உஷ்ணம், அப்போது கண்ட குளிர்நிலை அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வண்டிக்கும் குறித்து வைத்து நமக்கு அனுப்புங்கள். 30 டிகிரிக்கு மேற்பட்ட அளவுகளை ஒரு பட்டியலாகத் திரட்டி இவ்விதழில் வெளியிட விரும்புகிறோம்.