டிக்கியைத் திறந்து பாருங்கள்!

கடன் வாங்கியாவது கார் வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கலாம். நடக்க இயலாத பாட்டியை மாதம் இருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் குடும்பம் எங்களுடையது. வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதித் தவணையைக் கட்டிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு.

சி.என்.ஜி. கார்தான் சிக்கனம் என்றார்கள் பலர். எரிபொருட் செலவில் அது உண்மையே. ஆனால் ஷோரூமில் டிக்கியைத் திறந்தால், உள்ளே சிலிண்டர் படுத்திருக்கிறது! பாட்டியின் சக்கர நாற்காலி எங்கே போகும்? "மேலே கேரியர் போட்டுக்கலாம் சார்" என்றார் விற்பனையாளர். முதுகுவலிக்காரரான அப்பா என்னைப் பார்த்தார்.

நான்கு மீட்டருக்குட்பட்ட சிறு கார்களுக்கு 2006இல் வரிச்சலுகை வந்தது. அந்த அளவுக்குள் அடங்குவதற்காக 2012இல் டிசையர் காரின் வாலையே நறுக்கினார்கள். 440 லிட்டர் டிக்கி 316 ஆயிற்று. 2023இல் டாடா நிறுவனம் ஒரு சிலிண்டரை இரண்டாக்கி டிக்கித் தளத்தின் அடியில் வைத்தது. நல்ல யோசனைதான். விலைதான் எங்களுக்கு எட்டவில்லை.

என்னைக் கேட்டால், லிட்டர் கணக்கை நம்புவதைவிட, ஏற்ற வேண்டிய பொருளையே கையோடு கொண்டுபோவது மேல். மறுமுறை நாற்காலியுடனேயே போனோம். கடைக்காரர் சிரித்தார், சிரிக்கட்டுமே! பழைய பெட்ரோல் வேகன் ஆர் ஒன்றில், பின்சீட்டின் ஒரு பகுதியை மடித்ததும் நாற்காலி உள்ளே போய்விட்டது. கிலோமீட்டருக்குச் செலவு கூடத்தான் செய்யும். மீதிச் சீட்டில் பாட்டியும் நானும் நெருக்கி உட்கார்ந்துகொள்கிறோம்.