இளையராஜா காசெட்டும் ரசிகர்களின் சண்டையும்

1986-ம் ஆண்டு. 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' படங்களின் பாட்டுகள் பம்பாய்த் தமிழர் வீடுகளில் ஓயாமல் ஒலித்த நேரம். அதே ஆண்டில் இளையராஜா ஒரு காசெட் வெளியிட்டார். பெயர் 'ஹவ் டு நேம் இட்?'. 'இதற்கு எப்படிப் பெயர் வைப்பது?' என்று அர்த்தம். அதில் சினிமா இல்லை. கதாநாயகன் இல்லை. பாட்டு வரி கிடையாது. வயலின் கூட்டமும் மற்ற வாத்தியங்களும்தான்.

அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. திலக் நகர் ஹவுசிங் போர்டு காலனியில் பழைய டேப்-ரிக்கார்டரைத் தூக்கிப் போட மனம் வராத ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் காசெட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும். அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி!

முதல் கட்சி சினிமா ரசிகர்கள். 'கஷ்டப்பட்ட காசைக் கொடுத்து வாங்கினோம், முணுமுணுக்க ஒரு பாட்டாவது வேண்டாமா?' என்பது இவர்களின் கேள்வி. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஷிப்டு முடித்து, லோக்கல் ரெயிலில் நசுங்கி வீடு வந்து சேருகிறவனுக்குப் பாட்டுதான் ஊர். வார்த்தை இல்லாத இசையில் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

இரண்டாவது கட்சி மாட்டுங்கா சபா ரசிகர்கள். இந்தத் தொகுப்பைத் தியாகராஜருக்கும், ஜெர்மனியின் பாக் என்ற இசை மேதைக்கும் இளையராஜா சமர்ப்பணம் செய்திருந்தார். 'தியாகராஜர் பெயரைப் போட்டுவிட்டு வெள்ளைக்காரன் மெட்டு வாசிப்பதா?' என்று இவர்கள் முகம் சுளித்தார்கள்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. 'ஆகா, ஓகோ, உலகத் தரம்!' என்று சொல்லிவிட்டு, காசெட்டை அலமாரியில் பூட்டி வைத்தவர்கள். திட்டியவர்களாவது ஒருமுறை முழுசாகக் கேட்டார்கள். புரியாத பொருளைப் பயந்து புகழ்கிற இவர்கள் அதுவும் செய்யவில்லை.

சந்திக்காத இருவர்

காசெட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

பாக் 1685-ல் பிறந்து 1750-ல் இறந்தவர். தியாகராஜர் பிறந்தது 1767-ல். அதாவது பாக் இறந்து 17 ஆண்டுகள் கழித்து! ஒருவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மற்றவர் திருவையாற்றில் ராமனைப் பாடியவர். இந்த இருவரும் சந்தித்துப் பேசினால் எப்படி இருக்கும் என்பதுதான் தொகுப்பின் கற்பனை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு பகுதி. 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பொருள். அடுத்ததற்குப் பெயர் 'பிறகு நாங்கள் பேசினோம்'.

முதலாவதில், தனி வயலினுக்காக பாக் எழுதிய 3-வது பார்ட்டிடாவின் முகப்பு அப்படியே ஒலிக்கிறது. அதன் கூடவே நம் பாணியில் இன்னொரு வயலின் நடக்கிறது. சோடாவில் கலர் கலப்பது போன்ற கலப்படம் அல்ல இது. ஒருவர் பேசும்போது மற்றவர் 'ம்' கொட்டுகிறார். பிறகு இவர் தொடங்குகிறார். அவரவர் பாஷை அவரவருக்கு. வயலின் வித்வான் வி.எஸ்.நரசிம்மனின் கை இந்தத் தொகுப்பு முழுக்கப் பேசுகிறது. சபா ரசிகர்களின் கோபம் நியாயம் இல்லை என்பதற்கு இந்த ஒரு பகுதியே சாட்சி.

'பியூக்' என்ற சங்கதியும் பலரை மிரட்டியது. உண்மையில் அது மும்பைத் தமிழனுக்குப் புதிது அல்ல. காலை லோக்கலில் பஜனைக் கோஷ்டி ஏறுகிறது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கிறார். மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். பியூக்கில் ஒரே வித்தியாசம், முதல் குரல் முடியும்வரை இரண்டாவது குரல் காத்திருக்காது. நடுவிலேயே அதே மெட்டோடு புகுந்துவிடும். மூன்றாவதும் வரும். மோதல் வராமல் எல்லாரும் போய்ச்சேர வேண்டும். ரெயில்வேக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை!

குறையே இல்லையா? உண்டு. சில பகுதிகள் கனிவதற்குள் முடிந்துவிடுகின்றன. சில இடங்களில் காட்சி இல்லாத சினிமாப் பின்னணி போலத் தோன்றுகிறது. பத்து ஆண்டுகள் படத்துக்குப் படம் இசை எழுதிய கை, சட்டென்று பழக்கத்தை விட்டுவிடுமா?

வெளிநாட்டிலும் இதே கதை

'கிடாரைத் தூக்கியவன் கிடாரோடு நிற்க வேண்டும்' என்று ரசிகர்கள் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் லூ ரீடு என்ற ராக் பாடகர் 1975-ல் 'மெட்டல் மெஷின் மியூசிக்' என்று ஒரு தொகுப்பு போட்டார். பாட்டு இல்லை, தாளம் இல்லை, கிடாரின் இரைச்சல் மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் மேலே! ரசிகர்கள் கொதித்தார்கள். அதோடு ஒப்பிட்டால் இளையராஜா ரசிகர்களை ரொம்பவும் சோதிக்கவில்லை.

இளையராஜாவும் கிடாரில் வளர்ந்தவர்தான். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடைக் கச்சேரிக்குப் போனவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றவர். 'இது நமக்கு ஆகாது' என்று ஒதுங்கி இருந்தால் 1976-ல் 'அன்னக்கிளி'யே வந்திருக்காது. ஒரு கிராமத்துக்காரன் பாக்கை வீட்டுக்கு அழைத்தால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்கும் இசைக்கும் சம்பந்தம் இல்லை.

'இது படித்தவர்கள் இசை, பாட்டாளிக்கு எதற்கு?' என்று கேட்பவர்கள் 1988-ல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைப் பார்க்க வேண்டும். ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண், சொந்த வீடு கட்டப் படாதபாடு படுகிற கதை. படத்தில் பாட்டே இல்லை. பின்னணியில் ஒலிப்பது இந்தக் காசெட்டின் இசை! பகடி கொடுத்து ரூம் பிடித்தவனுக்கும், தாராவியில் தகரக் கூரையை மாற்றக் கடன் வாங்கியவனுக்கும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது இசை புரியவில்லை என்று தோன்றாது. காசெட்டில் கேட்டுச் சலித்தவர்கள்கூட அந்தத் திரையில் கேட்டுக் கண் கலங்கினால் ஆச்சரியம் இல்லை.

1988-ல் 'நத்திங் பட் விண்ட்' வந்தது. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. மும்பையில் வாழ்பவர் என்பதால் இங்கே கொஞ்சம் பெருமையாகப் பேசினார்கள். 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு திருவாசகம் வந்தபோது மறுபடி சண்டை. மாணிக்கவாசகர் நடுவே ஆங்கில வரிகள் எதற்கு என்று கேட்டார்கள். 2025 மார்ச் 8-ந்தேதி லண்டனில் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோதும் வாழ்த்தும் முணுமுணுப்பும் சேர்ந்தே வந்தன.

சினிமா ரசிகர்களின் ஒரு புகாருக்கு மட்டும் இன்றுவரை பதில் கிடையாது. தொகுப்பின் பெயர் ஆங்கிலம். உள்ளே 10 பகுதிகள், பத்தின் பெயரும் ஆங்கிலம். 'மேட் மாட் மூட் பியூக்' என்ற பெயரை ஒரு மில் தொழிலாளி கடைக்காரரிடம் எப்படிச் சொல்லிக் கேட்பான்? கவுண்டர் வரை வந்தவன், கூச்சப்பட்டு 'மௌன ராகம்' வாங்கிக்கொண்டு போயிருப்பான். எப்படிப் பெயர் வைப்பது என்று கேட்டவர், பண்ணைப்புரத்தில் யாரையாவது கேட்டிருந்தால் நல்ல தமிழ்ப் பெயராகப் பத்து சொல்லியிருப்பார்கள்.