பாடுகிற பிள்ளைக்குக் கைதட்டுகிறோம், பதிவு செய்கிற பிள்ளைக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றி நம் ஊரில் பேச்சு வந்தால் அது இரண்டு இடத்தில்தான் போய் நிற்கிறது. ஒன்று, 2009இல் கிடைத்த இரண்டு ஒஸ்கார். மற்றது, திலீப்குமார் எப்படி ரஹ்மான் ஆனார் என்ற கதை. முதலாவதை எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவதை நம் ஆட்கள் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறோம். இரண்டிலும் விடுபட்டுப் போவது ஓர் அறை. சென்னை கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து அவர் அமைத்த ஒலிப்பதிவுக் கூடம். பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்று பெயர். ரஹ்மானின் வாழ்க்கையில் நம் பிள்ளைகளுக்குப் பிரயோசனமான பகுதி ஒஸ்கார் மேடை அல்ல, அந்த அறைதான் என்பது எங்கள் கருத்து.

ஏன் இதை எழுதுகிறோம் என்றால், ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பாட்டு, ராப் என்று திரிகிற பிள்ளைகள் நாலு பேராவது இருக்கிறார்கள். போனில் பதிவு செய்து டிக்டொக்கில் போடுகிறார்கள். அதில் ஒருவன் பாடுவான். இன்னொருவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியில் அந்தக் குரலை வெட்டி, ஒட்டி, பின்னால் தாளம் சேர்த்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு இருப்பான். பாடுகிறவனைக் கலைவிழாவில் மேடையேற்றிக் கிண்ணம் கொடுக்கிறோம். மற்றவனைப் பற்றி வீட்டில் சொல்வது, "எந்த நேரமும் போனும் கையுமா இருக்கான் சேர்" என்பதுதான். சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக்குப் புடவைக் கடைக்கோ ஹோட்டலுக்கோ பஸ் ஏறுகிறவர்களில் அவனும் ஒருவன். அவனிடம் ஒரு தொழில் இருக்கிறது என்று அவனுக்கே யாரும் சொல்லவில்லை.

ரஹ்மான் அந்த இரண்டாவது பிள்ளை.

அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், மற்ற இசையமைப்பாளர்களுக்கு வாத்தியக் குழுவை நடத்திக் கொடுத்தவர். 1976இல் அவர் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் ஓடியது. சின்ன வயதிலேயே கீபோர்ட் வாசிக்க ஸ்டூடியோக்களுக்குப் போகத் தொடங்கினார். எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா, ராஜ்-கோட்டி என்று பெரிய ஆட்களிடம் வாசித்தார். இடையில் பள்ளிக்கூடம் நின்றுபோனது.

ஆசிரியர்களான எங்களுக்கு இந்த இடம் பிடிக்காது. "ரஹ்மானே ஸ்கூல் முடிக்கல்லயே சேர்" என்று வகுப்பில் ஒருவன் சொல்லாத வருடம் இல்லை. அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரே ஒழியப் படிப்பை விடவில்லை. ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் மேற்கத்திய செவ்வியல் இசை டிப்ளோமாவைச் சென்னையில் இருந்தபடியே எடுத்தார். தினமும் போய் உட்கார்ந்த ஸ்டூடியோ அவருக்கு இன்னொரு வகுப்பறை. அதோடு, வீட்டில் கீபோர்ட் இருந்தது, வாசிக்கக் கூப்பிட அப்பாவின் நண்பர்கள் இருந்தார்கள். லயத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. ஆகவே தம்பிமாரே, அந்த உதாரணத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

இதற்கு இடையில்தான் ரொக் இசை. ரூட்ஸ் என்று ஒரு குழு. சிவமணி, ஜோன் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். பிறகு நெமிசிஸ் அவென்யூ என்று இன்னொரு குழு. சினிமாவில் அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை வாசித்துக் கொண்டிருந்த இளைஞர்களுக்கு, சொந்தமாக எதையாவது வாசித்துப் பார்க்க அது ஓர் இடம். பேண்ட் வைத்தவர்கள் எல்லோருக்கும் நடப்பது தெரியும். கல்யாணம், வேலை, வெளிநாடு என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். நம் ஊரிலும் எத்தனை இசைக்குழுக்கள் அப்படிக் கலைந்தன! ரஹ்மான் மேடையிலிருந்து இறங்கி அறைக்குள் போனார்.

அறைக்குள் முதலில் செய்தது விளம்பரங்களுக்கு இசை. 1987இல் ஒல்வின் கைக்கடிகாரத்துக்கு. பிறகு லியோ கோப்பிக்கு (தேயிலை நாட்டுக்காரர்களான நாம் அதை மன்னித்து விடலாம்). இப்படி நூற்றுக்கணக்கில். விளம்பரம் என்றால் சும்மா இல்லை. முப்பது விநாடிக்குள் ஒரு மெட்டு மனதில் நிற்க வேண்டும், சொன்ன நாளில் கொடுக்க வேண்டும், சாதாரண ரேடியோப் பெட்டியிலும் தெளிவாகக் கேட்க வேண்டும். ரோஜாவுக்கு முன்பே 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கும் இசையமைத்திருந்தார். படம் கிடைப்பதற்கு முன்பான இந்த ஐந்தாறு வருடங்களைத்தான் நாம் தாண்டிப் போகிறோம்.

அந்த அறையில் என்ன புதிதாக நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் கண் விரித்துக் கேட்கிறார்கள். அதுவரை சினிமாப் பாட்டு என்றால் பெரிய மண்டபம். வயலின்காரர்கள், தபேலாக்காரர், புல்லாங்குழல்காரர், பாடகர் என்று நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் பிழைவிட்டால் எல்லோரும் முதலில் இருந்து. அதிலும் ஓர் அழகு இருந்தது, அதை மறுக்கவில்லை. ரஹ்மான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்தார். கம்பியூட்டரிலும் கீபோர்டிலும் தாளத்தைக் கட்டிவைத்து, அதன் மேல் ஒரு நாள் புல்லாங்குழல், இன்னொரு நாள் குரல். பாடகர் ஒரே வரியைப் பல விதமாகப் பாடிவிட்டுப் போவார். எது வேண்டும் என்பது பிறகு, பெரும்பாலும் இரவில், அவர் தனியே இருந்து தீர்மானிப்பது. நம் பிள்ளை போனில் செய்கிறானே, வெட்டி ஒட்டுவது, அதேதான். அளவுதான் வேறு.

1992 ஓகஸ்டில் ரோஜா வந்தது. அந்த வருட இந்திய தேசிய விருதும் கிடைத்தது. நடுவர் குழுவில் வாக்குகள் தேவர் மகனுக்கு இசையமைத்த இளையராஜாவுக்கும் ரஹ்மானுக்கும் சமமாக விழ, குழுத் தலைவர் தன் வாக்கைப் புதியவருக்குக் கொடுத்தார். அந்தத் தலைவர் பாலு மகேந்திரா, நம் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர்.

ரஹ்மானிடம் எங்களுக்குப் பிடித்த இன்னொரு விஷயம், கெசட் உறையில் வாத்தியம் வாசித்தவர்களின் பெயரையும் ஒலிப்பதிவாளரின் பெயரையும் போட்டது. ஸ்ரீதர் என்ற ஒலிப்பதிவாளர் 2008இல் காலமாகும்வரை அவரோடு வேலை செய்தார். அந்தப் பாட்டுகள் காதில் அப்படி விழுந்ததில் ஸ்ரீதருக்குப் பெரிய பங்கு உண்டு. கேட்ட நமக்கு அவர் பெயர் தெரியாது.

இது சென்னையில் மட்டும் நடந்ததும் அல்ல. இங்கிலாந்தில் பிரையன் ஈனோ என்று ஒருவர். 70களின் தொடக்கத்தில் ரொக்சி மியூசிக் என்ற ரொக் குழுவில் சிந்தசைசர் வாசித்தார். 1973இல் குழுவை விட்டு விலகி, பின்னர் மற்றவர்களின் இசைத்தட்டுகளைத் தயாரிப்பதிலேயே பெரிய பெயர் எடுத்தார். யூ2 குழுவின் 1987ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற இசைத்தட்டை இன்னொருவரோடு சேர்ந்து தயாரித்தவர் அவர்தான். "எங்களுக்கு அவரைத் தெரியாதே" என்பீர்கள். தெரியும். விண்டோஸ் 95 கம்பியூட்டரைப் போட்டவுடன் ஆறு விநாடி ஓர் ஓசை வருமே, அதைச் செய்தவர் ஈனோ. நமக்குக் கிட்டவும் ஒருவர் இருக்கிறார். ஹப்புத்தளையில் 1943இல் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின்சார கிட்டாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்து, பிறகு எத்தனையோ பாடகர்களுக்குப் பாட்டு எழுதி இசையமைத்துக் கொடுத்தார். இதே தேயிலை மலைக்காரர்தான்.

ஒஸ்காருக்கே திரும்புவோம். 2009இல் அதே இரவு, அதே 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்துக்காக ரசூல் பூக்குட்டியும் விருது வாங்கினார். பாடகர் இல்லை, இசையமைப்பாளர் இல்லை. ஒலிக்கலவைக்கான விருது. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் விளக்குப்பாறை என்ற கிராமம், மின்சாரம் இல்லாத சிறுவயது, மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பு. புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒலி படித்தார். ரஹ்மானைத் தெரியாத பிள்ளை நம் வகுப்பில் இல்லை. ரசூல் பூக்குட்டியைத் தெரிந்த பிள்ளையை நாங்கள் இன்னும் காணவில்லை. நம் பெற்றோருக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் குரல் மனப்பாடம். கலையகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அந்தக் குரலைக் காற்றில் விட்டவர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி வரப்போகும் கேள்விகள் தெரியும். முதலாவது, இசை கூடுமா கூடாதா. அந்த விவாதத்தை முகநூலில் திறக்கிற எண்ணம் இல்லை, ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் ஒலி என்பது பாட்டு மட்டும் இல்லை. பயான் நடக்கும்போது மைக் கீச்சிட்டு மௌலவி பேச்சை நிறுத்தி நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிராஅத் போட்டியில் பிள்ளையின் குரல் எதிரொலியில் கரைந்துபோவதையும்தான். கோவில் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டியிலும் இதே கதை. ஒலி தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் பாடசாலைக்கும் பிரயோசனம்.

இரண்டாவது, சோறு போடுமா. எல்லோரும் ரஹ்மான் ஆக முடியாது, அப்படி ஆசை காட்டுவதும் பாவம். வானொலி, தொலைக்காட்சி, கல்யாண மண்டபம், விளம்பர நிறுவனம், யூடியூப் சனல் எங்கேயும் ஒலியைக் கையாள ஆள் தேவை. அந்த ஆள் நம் ஊர்ப் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது? தரம் 11 விஞ்ஞானத்தில் அலைகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. மீடிறன், வீச்சம் என்றால் பாதி வகுப்பு தூங்கும். ஒரு குரலைப் பதிந்து, அதன் அலையைத் திரையில் காட்டி, கீழ்ச் சத்தத்தை வெட்டி மறுபடி போட்டுக் காட்டினால் தூங்குகிறவனும் எழும்புகிறான். நாங்கள் செய்து பார்த்தது இது.

மூன்றாவதை யாரும் கேட்கப் போவதில்லை, நாங்களே சொல்கிறோம். மலையக நாட்டார் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்துவிட்டுப் போனார். சொல் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல்லை எந்த இடத்தில் இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள் என்பது தாளில் ஏறாது. கொழுந்து பறித்த காலத்துப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த கிழவிகள் லயங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் குறைகிறார்கள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது எல்லோரும் போனைத் தூக்கிப் பிடிக்கிறோம். வீட்டுக்கு வந்து போட்டால் தப்புச் சத்தம் வெடித்து, பாடுகிறவர் குரல் அடியில் புதைந்து கிடக்கும். தப்புக்கு மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, குரலுக்குத் தனியாக ஒன்று எங்கே வைப்பது என்று தெரிந்த ஒரு பிள்ளை ஒரு தோட்டத்துக்கு இருந்தால் போதும். அதைக் கொழும்பிலிருந்து வந்து யாரும் செய்து தரமாட்டார்கள். வந்தாலும், கூத்துக்காரரை "மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பாடுங்க" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

அதனால் கேட்பது இதுதான். அடுத்த கலைவிழாவில் பாடிய பிள்ளையின் பெயரை வாசிக்கும்போது, ஒலியைப் பார்த்த பிள்ளையின் பெயரையும் வாசிப்போம். கிண்ணம் வாங்கக் காசு இல்லை என்றால் சான்றிதழ் போதும். பெற்றோர்கள் போனைப் பறிப்பதற்கு முன், பிள்ளை அதில் என்ன செய்கிறான் என்று ஒருதரம் ஹெட்செட்டை வாங்கிக் காதில் வைத்துக் கேளுங்கள். கேம் விளையாடுகிறான் என்றால் தாராளமாகப் பறியுங்கள்.

பழைய மாணவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், கடை வைத்திருக்கும் நானாமார் யாரிடமாவது பாவிக்காத ஒரு மைக், பழைய லப்டொப், சின்ன மிக்சர் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். காசு வேண்டாம், சாமானாகவே தாருங்கள். அறை ஒன்று பார்த்துவிட்டோம். நூலகத்துக்குப் பின்னால், பழைய மேசை கதிரை அடுக்கி வைத்திருந்த அறை. சுவருக்குக் கம்பளியும் முட்டை அட்டையும் கொண்டுவருவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். கம்பளி எதிரொலிக்குச் சரி, முட்டை அட்டையால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று சொல்லியும் கேட்கிறார்கள் இல்லை. பிரச்சினை தகரக் கூரைதான். நம் ஊர் மழைக்கு அதன் கீழே ஒன்றையும் பதிய முடியாது. கூரைக்கு உள்ளே அடிக்க மலிவாக என்ன கிடைக்கும் என்று தெரிந்த பாஸ்மார் யாராவது இருந்தால் கொமன்டில் எழுதுங்கள்.